தாத்தா 80 – சிங்கப்பூர் தேக்கா விருந்து (குடும்பக் குரூப்)

வாசுகி அத்தை: 14ஆம் தேதி சனிக்கிழமை, மதியம் 12. மண்டபம் உறுதி. பிரியாணி எத்தனை பேருக்கு?

செல்வி: அன்று கவினுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள் அண்ணி.

வாசுகி அத்தை: மறுநாள் போகலாமே

ராஜன் பெரியப்பா: நினைத்தபடி மாற்ற முடியாது வாசுகி. தலசீமியா மேஜர், அந்தப் பரம்பரை ரத்த நோய் என்றால் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும், முன்னாடியே மாதிரி எடுத்துப் பொருத்தம் பார்த்துப் பையை ஒதுக்கி வைத்திருப்பார்கள், அந்த ஒரு பையிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, அதற்குத்தான் தினமும் மாத்திரை, மறக்காமல் இருக்கத்தான் நான் போன வருடமே ஆப் போட்டுக் கொடுத்தேன்.

தாத்தா: முருங்கைக்கீரை கொடு செல்வி, ரத்தம் ஊறும்

பிரியா: தாத்தா, அதுவும் இரும்புதான்!!

வாசுகி அத்தை: பேரீச்சம்பழம்?

பிரியா: அத்தை…

செல்வி: ஆப் 14 நாளும் பச்சையாக இருக்கிறது அத்தான். நேற்று மாத்திரை அட்டையை எண்ணினேன், 4 மிச்சம். உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 2,600, ரொம்ப அதிகம்.

கவின்: அம்மா, இதைக் குரூப்பில் போடணுமா

கவின்: அது இரவு 9க்கு அடிக்கும். நான் ஃபுட்சாலில் இருப்பேன், மாத்திரை வீட்டில். டிக் போடும்வரை கத்திக்கொண்டே இருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரியா: அப்போ டாக்டரிடம் கேட்டுக் காலை 7க்கு மாற்றுடா. பிரஷ் பக்கத்தில் அட்டையை வை.

செல்வி: ஆப்பை எனக்கும் தெரிகிற மாதிரி வை.

கவின்: வைத்திருந்தேனே. ஒரு நாள் சிவப்பு வந்ததும் என் லெக்சரருக்கே போன் போட்டீர்கள். அதனால்தான் எடுத்துவிட்டேன்.

வாசுகி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: படித்துவிட்டேன் அண்ணி.

ராஜன் பெரியப்பா: வாசுகி, அம்மா அப்பா இரண்டு பேரும் கேரியராக, அந்த மரபணுவைச் சுமப்பவராக, இருந்தால்தான் இது பிள்ளைக்கு வரும். கவின் அப்பா முரளியும் கேரியர், அதாவது நம் பக்கமும்தான். கவின் கைக்குழந்தையாக இருந்தபோதே பேசி முடித்த விஷயம்.

வாசுகி அத்தை: சும்மாதான் சொன்னேன்

முரளி: விருந்தை ஞாயிறு வைக்கலாமா?

வாசுகி அத்தை: 300 வெள்ளி முன்பணம் யார் தருவது?

கவின்: 2 மணிக்கு முடிந்தால் நேராக வந்துவிடுவேன். கேசரி எடுத்து வையுங்கள்.

செல்வி: 2க்கு எங்கே முடியும். பார்ப்போம்.

தாத்தா: கவின், என் பிரஷர் மாத்திரைக்கும் அந்தக் கத்துகிற சாமானைப் போட்டுக் கொடு

கவின்: டிக் நீங்களே போடணும் தாத்தா

வாசுகி அத்தை: பிரியாணி எத்தனை பேருக்கு என்று யாருமே சொல்லவில்லை