வட்டார பாப்டிஸ்ட் ஐக்கியத்துக்கு அனுப்பும் காணிக்கை எந்தெந்த ஊழியங்களுக்குப் போகிறது?

கேள்வி: உட்லண்ட்ஸ் பொருளாளர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சிங்கப்பூரிலுள்ள எங்கள் தமிழ்ச் சபை சிறியது. ஓர் ஆங்கில பாப்டிஸ்ட் சபையின் கட்டடத்தில், அவர்களுடைய ஆராதனை முடிந்து நாற்காலிகளை மறுபடி அடுக்கிய பிறகு, ஞாயிறு பிற்பகலில் கூடுகிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களும், தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த தம்பிமாரும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கிறார்கள். காணிக்கைப் பையில் இரண்டு வெள்ளித் தாள்களே அதிகம். சம்பளம் வந்த வாரத்தில் மட்டும் பத்து வெள்ளித் தாள்களைக் கூடுதலாகக் காணலாம்.

அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. மாதந்தோறும் சேரும் பொதுக் காணிக்கையில் ஒரு பங்கை, நாம் சேர்ந்திருக்கும் சபைகளின் ஐக்கியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. போதகர் ஆதரிக்கிறார். ஆனால் மூத்த உதவிக்காரர் (டீக்கன்) ஒருவர், "பாப்டிஸ்ட் சபை என்றாலே தன்னைத் தானே ஆளும் சபைதானே, நமக்கு மேல் ஒருவரும் இல்லாதபோது யாருக்குப் பங்கு கொடுப்பது, நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஓய்வுநாள் பள்ளி நடத்தவே ஆள் இல்லையே" என்று கேட்கிறார். அவர் கேட்பதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட ஐக்கியங்கள் உண்மையில் எந்தெந்த ஊழியங்களைத் தாங்குகின்றன, அந்தப் பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது, எங்களைப் போன்ற சிறிய சபைக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: புக்கிட் தீமா ஆசிரியர்

சகோதரரே, உங்கள் மூத்த உதவிக்காரர் சொல்வதில் முதல் பாதி முற்றிலும் சரி. பாப்டிஸ்ட் ஐக்கியம் எதுவும் ஒரு சபைக்குப் போதகரை நியமிக்க முடியாது. கட்டடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டளையிடவும் முடியாது. ஆனாலும் தனித்து நின்ற சபைகள் மிகப் பழங்காலத்திலேயே கூடிச் செயல்படத் தொடங்கிவிட்டன என்பதையும் அவர் பார்க்க வேண்டும். 1707ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஐந்தே சபைகள் சேர்ந்து அமைத்த சங்கம், பின்னர் 1764இல் ரோட் தீவில் ஒரு கல்லூரி உருவாகத் துணைநின்றது. இன்றைய பிரவுன் பல்கலைக்கழகம் அதுதான். ஐந்தில் எந்தச் சபையும் தனியாக நினைத்துப் பார்த்திருக்கக்கூடிய காரியம் அன்று அது.

நம் பக்கத்துக் கதையும் அதே போக்கில்தான் இருக்கிறது. 1949க்குப் பிறகு சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர்கள் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். 1954இல் பினாங்கில் இறையியல் கல்லூரி தொடங்கியது. சிங்கப்பூர்ச் சபைகளுக்கென்று தனியாகக் கன்வென்ஷன், அதாவது சபைகளின் கூட்டமைப்பு, அமைந்தது 1974இல். ஹாங்காங்கில் இதே வகையான கூட்டமைப்பு 1956இல் ஒரு கல்லூரியையும் 1963இல் ஒரு மருத்துவமனையையும் ஏற்படுத்தியது. அந்தக் கல்லூரி இன்று ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

பணம் பிரியும் விதத்துக்கு அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகளின் ஏற்பாட்டைப் பார்த்தால் எளிதில் விளங்கும். 1925க்கு முன்பு ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாக ஆளனுப்பிச் சபைகளின் வாசலில் நின்று பணம் கேட்டது. இன்று அநாதை இல்லத்துக்காரர், அடுத்த வாரம் கல்லூரிக்காரர், அதற்கடுத்த வாரம் வெளிநாட்டு ஊழியத்துக்காரர். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு நிறையக் கிடைத்தது, மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1925இல் கூட்டுறவுத் திட்டம் என்ற பொதுநிதியை ஏற்படுத்தினார்கள். சபை தன் காணிக்கையில் எத்தனை விழுக்காடு என்பதைத் தானே முடிவு செய்து மாநிலக் கன்வென்ஷனுக்கு அனுப்பும். மாநிலம் ஒரு பகுதியைத் தன் ஊழியங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியைத் தேசிய அமைப்புக்கு அனுப்பும். புதிய சபைகளைத் தொடங்குதல், கல்லூரி மாணவர் ஊழியம், முகாம்கள், பிள்ளைகள் இல்லங்கள், போதகர்களுக்கான பயிற்சி ஆகியவை மாநில அளவில் நடக்கின்றன. அயல்நாட்டு ஊழியமும் இறையியல் கல்லூரிகளும் தேசிய அளவில் நடக்கின்றன.

ஆகவே கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விழுக்காடு அன்று. நம் ஐக்கியம் எவ்வளவை உள்ளூரில் வைத்துக்கொள்கிறது, எவ்வளவை வெளியே அனுப்புகிறது, அந்த விகிதத்தை யார் வாக்களித்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான். உங்கள் சபையின் பிரதிநிதிகளுக்கும் அந்த வாக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாத சபைகளே அதிகம் என்பது என் வருத்தம்.


பதில் 2: தங்குவிடுதி ஊழியன்

ஆசிரியர் ஐயா எழுதிய வரலாற்றை மதிக்கிறேன். ஆனாலும் உதவிக்காரர் பக்கம் நின்று சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிமாருக்கு ஊழியம் செய்பவர்களில் நானும் ஒருவன். வேலையில் கை நசுங்கிய ஒருவர், இழப்பீட்டு வழக்கு முடியும்வரை சம்பளமில்லாமல் காத்திருக்கிறார் என்றால் அவருக்கு அன்றைக்கே வேண்டியது சாப்பாடு, பயண அட்டையில் பணம், மருத்துவமனைக்குக் கூடவந்து தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள். இதற்குக் குழு கூடித் தீர்மானம் எழுதும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் சபையில் பாதிப்பேர் அந்தத் தம்பிமார்தான் என்கிறீர்கள். அவர்களுடைய இரண்டு வெள்ளியை அவர்களுக்கே திரும்பச் செலவழிப்பதில் என்ன தவறு?

கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற ஆங்கிலேய அமைப்பு அனுப்பித்தான் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் அங்கே போனார்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய மருத்துவர் பால் பிராண்ட் அவர்கள் பிள்ளை. 1929இல் கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும் ஈவ்லின் அம்மையார் ஊழியத்தை விடவில்லை. வயதாகிவிட்டது, இனி மலைக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் சொன்னபோது ஓய்வு பெற்றுக்கொண்டு தன் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். 1974இல் இறக்கும்வரை அந்த மக்களை விட்டுப் பிரியவில்லை. அமைப்பு கைவிட்ட இடத்தில் ஒரு கிழவி நின்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.


பதில் 3: ஹியூஸ்டன் வாழ் சிங்கப்பூரர்

தம்பி எழுதியது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அவசர உதவிக்கு அமைப்பு ஆகாது என்ற முடிவுக்கு மட்டும் நான் வரமாட்டேன். நான் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் அதற்கு நேர்மாறானதைத்தான் கண்டிருக்கிறேன்.

1967இல் பியூலா என்ற சூறாவளி டெக்சஸின் தென்பகுதியைத் தாக்கியபோது, பாப்டிஸ்ட் சபை ஆண்கள் சிலர் தகர டப்பாக்களைச் சிறு அடுப்புகளாக்கி, வீடிழந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று பல மாநிலக் கன்வென்ஷன்களில் இருக்கும் பேரிடர் நிவாரணப் பிரிவு. புயல் முடிந்த சில நாள்களில் மஞ்சள் சட்டை போட்ட அதன் தொண்டர்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். நகரும் சமையற்கூடத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆக்கி, சூடு ஆறாத பெரிய பெட்டிகளில் அடைத்து வைப்பார்கள்; செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். சமைப்பவர் ஒருவர், கொண்டுபோய்க் கொடுப்பவர் இன்னொருவர் என்ற இந்த ஒப்பந்தத்தை எந்தத் தனிச் சபையாலும் செய்துகொள்ள முடியாது. இன்னொரு குழு மின்வாளோடு வந்து கூரைமேல் விழுந்த மரத்தை அறுக்கும், மற்றொன்று வெள்ளம் புகுந்த வீட்டின் சேற்றை வாரி, ஊறிப்போன சுவர்ப்பலகைகளைப் பெயர்த்தெடுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வண்டியும் கொப்பரைகளும் புயலுக்கு முன்பே வாங்கப்பட்டவை என்பதுதான். பயிற்சியும் அப்படியே. புயல் அடித்த பிறகு எல்லாரும் பணம் தருவார்கள், தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள் அல்லவா? வானம் தெளிவாக இருக்கும் மாதத்தில் வண்டிக்குக் காப்புறுதி கட்டத்தான் பொதுநிதி வேண்டியிருக்கிறது.


பதில் 4: செங்காங் கணக்காளர்

ஊழியத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொருளாளர் என்ற முறையில் கையெழுத்துப் போடப்போகிறவர் நீங்கள்.

சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வரிக்கழிவு கிடையாது. பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கே 2.5 மடங்கு கழிவு. பல சபைகளும் ஐக்கியங்களும் தங்கள் சமூகசேவைப் பிரிவைத் தனி அறநிறுவனமாகப் பதிவு செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மத வேறுபாடு பாராமல் எல்லா இனத்தவருக்கும் சேவை செய்ய வேண்டும் என்பது அடுத்த காரணம். முதியோர் நடவடிக்கை நிலையம், மாணவர் பராமரிப்பு நிலையம் போன்றவற்றை அரசாங்க மானியத்தோடு நடத்த வேண்டுமானால், தகுதி பெற்ற ஊழியர்களும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். உங்கள் அளவிலான சபையால் தனியாக அதைத் தாங்க இயலாது.

வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஊரிலுள்ள சபைக் கட்டடத்துக்கு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வேண்டுகோளைச் சுற்றவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரே நன்கொடையாக 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ சமயக் குழு ஒன்றுக்கு வந்தால், மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின் புதிய விதிகளின்படி அதைத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போதகரைக் கூட்டங்களில் பேச அழைத்தால், மனிதவள அமைச்சிடமிருந்து குறுகியகால அனுமதியை, இங்குள்ள அமைப்பு முன்கூட்டியே பெற வேண்டும். இத்தகைய தாள்வேலையைச் செய்து பழகிய அலுவலகம் ஒன்று பக்கத்தில் இருப்பதே, என்னைக் கேட்டால், நீங்கள் அனுப்பும் பங்கில் பாதிக்குச் சமம்.


உட்லண்ட்ஸ் பொருளாளர்

எல்லாருக்கும் நன்றி. பொதுநிதிக்கே முழுவதும் அனுப்பாமல், ஒரு பகுதியை தங்குவிடுதி ஊழியத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்பலாமா? அப்படிச் செய்தால் உதவிக்காரரும் இசைவார் என்று தோன்றுகிறது.


பதில் 5: புக்கிட் தீமா ஆசிரியர்

தாராளமாக அனுப்பலாம், குறிப்பிட்ட காணிக்கையை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகளிடமும் இரண்டு வகையும் உண்டு. பொதுநிதி ஒரு பக்கம் இருக்க, கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிநாட்டு ஊழியத்துக்கென்றே 1888 முதல் தனிக் காணிக்கை எடுத்துவருகிறார்கள்.

ஆனால் தங்குவிடுதித் தம்பிக்கும் சேர்த்தே ஒன்றைச் சொல்கிறேன். எல்லாச் சபைகளும் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் குறிப்பிட்டு அனுப்பினால், புகைப்படம் எடுக்க முடியாத வேலைகளுக்குப் பணம் இராது. தமிழில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் இல்லை என்று உங்கள் உதவிக்காரர் வருந்துகிறார் அல்லவா, அந்தப் பயிற்சியும் அப்படிப்பட்ட வேலைதான். நான்கைந்து தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஐக்கியத்திடம் கேட்டால் ஒரு வகுப்பு நடத்தலாம். ஒவ்வொன்றும் தனியாகப் புலம்பினால் ஒன்றும் நடக்காது.

பெங்களூர் ஹெப்பாளிலுள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனைக்கு நம்மவர்கள் பலர் போய் வந்திருப்பார்கள். 1973இல் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் மிஷன் உதவியோடு திறக்கப்பட்டது அது. 1989இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. தொடங்கியவர்களின் கை விலகிய பிறகும் வெளிநோயாளிகள் வரிசை நீண்டுகொண்டேதான் இருக்கிறது. ஈவ்லின் அம்மையாரின் துணிவை நானும் வணங்குகிறேன். ஆனால் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, மொழி கற்பித்து, முதன்முதலில் மலையடிவாரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததும் யாரோ சிறுசிறு சபைகள் அனுப்பிய காணிக்கைதான் தம்பி.

தீர்மானத்தை ஓராண்டுக்கு என்று கால வரையறையோடு கொண்டுவாருங்கள். ஆண்டு முடிவில் ஐக்கியத்தின் தணிக்கை செய்த கணக்கை வாங்கித் தமிழில் ஒரு பக்கமாக எழுதிச் சபையில் வாசியுங்கள். நிர்வாகச் செலவு எவ்வளவு என்ற வரியை விட்டுவிடாமல் வாசியுங்கள், முதலில் அதைத்தான் உதவிக்காரர் கேட்பார்.


பதில் 6: தங்குவிடுதி ஊழியன்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: உறுப்பினர் கூட்டத்துக்கு நீங்களாக ஒரு ஞாயிற்றைக் குறித்துவிடாதீர்கள். பல கட்டுமானத் தளங்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் முழு விடுப்பு. எந்த ஞாயிறு என்று தம்பிமாரிடம் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். அவர்கள் போட்ட பணத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் அவர்களும் கை தூக்க வேண்டும்.