ஸ்ட்ரிக்ட்டான கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க முடியுமா? படிச்சவங்க சொல்லுங்க

கடையம்_பிள்ள:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு கடையம் பக்கம் ஒரு கிராமம், பிளஸ் டூ முடிச்சிருக்கேன். வெளி மாவட்டத்துல ஒரு கிறிஸ்டியன் யுனிவர்சிட்டில பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கெடைச்சிருக்கு, பேரு இங்க போடல. மார்க்க பாத்து பாதி ஃபீஸ் ஸ்காலர்ஷிப்பா தாறோம்னு சொல்லிருக்காங்க, அதோட ரொம்ப கட்டுப்பாடான எடம்னு வேற யாரோ அப்பாட்ட சொல்லிட்டாங்க, அப்பாவுக்கு இப்ப வேற எங்கயும் சேக்க மனசே இல்ல.

நாங்க இந்து குடும்பம். கிறிஸ்டியன் மேனேஜ்மென்ட்னு எனக்கு ஒரு பயமும் இல்ல, ஸ்கூலே அப்படித்தான் படிச்சேன், எங்க ஆச்சியும் பாளையங்கோட்டைல மிஷன் ஸ்கூல்ல படிச்சவங்கதான். ஆனா ஸ்கூல் முடிஞ்சா வீட்டுக்கு வந்துருவேன், இது ஹாஸ்டல். தெனமும் சேப்பல், அதாவது ஜெப ஆராதனை, கட்டாயம்னு சொல்லுதாங்க, ஃபோன் ராத்திரி வாங்கி வச்சிருவாங்களாம், பசங்ககிட்ட நின்னு பேசுனா வீட்டுக்கு லெட்டர் போவுமாம். பொட்டு, திருநீறு வைக்கலாமா? பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தா கோயிலுக்கு குடும்பமா போயி பொங்கல் வைப்போம், அதுக்கு லீவு தருவாங்களா? இதெல்லாம் கேக்க யாருமே இல்ல. நான் அங்க போயி மூணு வருஷம் இருக்க முடியுமான்னு தெரியல. ஃபீஸ் கட்ட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. எனக்கு இன்னும் 18 ஆவல, அக்டோபர்லதான் ஆவும்.

பாளை_அக்கா:

தங்கச்சி, நான் இதே மாதிரி ஒரு எடத்துல ஹாஸ்டல்ல இருந்து படிச்சவ, நானும் இந்துதான். உன்ன பயமுறுத்தவும் மாட்டேன், ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

எங்க சேப்பல்ல ஒவ்வொருத்தருக்கும் பெஞ்ச் நம்பர் உண்டு. பாட்டு ஆரம்பிச்ச உடனே ஒரு மிஸ் கையில சார்ட்ட வச்சிக்கிட்டு ஓரமா நடந்து வருவாங்க, காலியா கெடக்குற நம்பர மட்டும் குறிச்சிட்டு போயிருவாங்க, யாரையும் பேர் சொல்லி கூப்பிட மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. சாயங்காலம் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல அந்த நம்பர் வரும். அதுல நம்பர் வந்தா அந்த வாரம் அவுட்டிங் கெடையாது. உடம்பு சரியில்லன்னா கூட முந்தின நாளே வார்டன்ட்ட எழுதி வாங்கணும், காலைல திடீர்னு வயித்து வலின்னா என்ன செய்யன்னு யாருக்கும் தெரியாது. மத்தபடி அங்க யாரும் மதம் மாறுன்னு என்கிட்ட சொல்லல, அதையும் உண்மையா சொல்லிருதேன். பொட்டு வச்சேன், யாரும் ஒண்ணும் கேக்கல. திருநீறு வச்சிட்டு போன ஒரு பிள்ளைய மட்டும் ஒரு மிஸ் அழிச்சிட்டு வான்னு சொன்னாங்க, இன்னொரு மிஸ் அது அவ விருப்பம்னு விட்டுட்டாங்க. ரூல் புக்ல இல்லாத விஷயமெல்லாம் இப்படித்தான், அன்னைக்கு யாரு நிக்காங்களோ அவங்க சொல்லுதது ரூலு.

அவுட்டிங் போகணும்னா கேட்டுல ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், பேரு, ரூம் நம்பர், போற எடம், போன நேரம், வந்த நேரம், கூட யாரு வாறா எல்லாம் எழுதணும். நம்ம ஊருக்கு போறதா இருந்தா அப்பாவோட நம்பர்ல இருந்து வார்டனுக்கு கால் போகணும், வேற நம்பர்னா எடுக்கவே மாட்டாங்க. எங்கப்பா வயல்ல இருப்பாரு, டவர் கெடைக்காது, அந்த ஒரு காலுக்காக நான் பஸ்ஸ விட்டுட்டு கேட்டுலயே உக்காந்து அழுதுருக்கேன். அதனால சேரும்போதே அப்பா நம்பர், அம்மா நம்பர் ரெண்டையும் குடு.

படிப்பு நல்லா நடந்துச்சு. ராத்திரி ஸ்டடி ஹவர்ல கரெண்ட் போனாலும் எமர்ஜென்சி லைட்ட வச்சிக்கிட்டு எல்லாரும் படிப்போம், லேப் பூட்டிக் கெடக்காது, மிஸ்மார்கள் லீவு போடாம வருவாங்க. எங்க பேட்ச்ல நெறைய பேரு நல்ல வேலைல இருக்காங்க. ஆனா பசங்ககிட்ட பேசுற விஷயத்துல அவங்க நடத்துன விதத்த என்னால இன்னைக்கும் ஏத்துக்க முடியல. ப்ராஜெக்ட்ல ஒரே டீம்னு போட்டதே அவங்கதான், கேன்டீன்ல நின்னு அந்த ப்ராஜெக்ட பத்தி பேசுனதுக்கு என் ஃப்ரெண்டோட அம்மாவ ஊர்லருந்து வரவச்சு எல்லார் முன்னாலயும் உக்கார வச்சாங்க. அந்தம்மா பீடி சுத்துறவங்க, ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறி வந்தாங்க.

மெஞ்ஞானபுரத்தான்:

நான் சி.எஸ்.ஐ. சபை குடும்பம், எங்கப்பா சர்ச்சுல, நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், அங்க வேலை செய்தவரு, அதனால இத ஒரு கிறிஸ்தவனா சொல்லுதேன்.

நம்ம சீமைல கிறிஸ்தவ படிப்புங்கறது வேற மாதிரி வந்தது. மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு 1820ல வந்தாரு, ஊர் ஊரா பள்ளிக்கூடம் திறந்தாங்க, பொம்பளப் பிள்ளைகள படிக்க வைக்கவே யோசிச்ச காலத்துல சாரா டக்கர்ல 1895லயே காலேஜ் வகுப்பு ஆரம்பிச்சாச்சு, சவேரியார் காலேஜ் 1923. பாளையங்கோட்டைய தென்னிந்தியாவோட ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொல்லுதது இதனாலதான். அங்க படிச்சதுல எத்தனையோ பேரு இந்து, எத்தனையோ பேரு முஸ்லிம், மேலப்பாளையத்துலருந்து வந்து படிச்சிட்டு போனவங்க நெறைய. நெறைய எடத்துல கிறிஸ்தவ பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மத்தவங்களுக்கு நீதிபோதனை வகுப்புன்னு தனியா வச்சிருப்பாங்க. அப்படி வச்சா யாருக்கும் மனசு கோணாது.

ஃபைனுக்கும் அவுட்டிங்குக்கும் பயந்து ஒரு பிள்ள வந்து பெஞ்ச்ல உக்காந்தா அது ஆராதனையே கெடையாது. நானும் இதே மாதிரி ஒரு ஹாஸ்டல்ல இருந்தேன், வீட்டுல தெனமும் குடும்ப ஜெபம் பண்ணி வளந்தவன், அந்த ஹாஸ்டல்லருந்து வெளிய வந்த பெறகு ரொம்ப நாள் கோயில் பக்கமே போகல. ஊர்ல தோத்திரப் பண்டிகைக்கு எல்லாரும் வந்துருந்தப்ப எங்கம்மா என் கையப் பிடிச்சி கூட்டிட்டு போனாங்க, அதுக்கப்புறம்தான் மனசு எறங்குச்சு. இத நிர்வாகத்துல இருக்கறவங்க யாராவது படிச்சா யோசிக்கணும். தங்கச்சி, நீ சாமி கும்புடுதத விடாத, யார்ட்டயும் மரியாதக் குறைவாவும் பேசாத. வேதத்த பத்தி யாராவது அன்பா பேசுனா கேளு, விருப்பம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

கோர்ட்டு_ரோடு:

ம்மா, நான் வக்கீலா இருக்கேன், சட்டத்துல இருக்கத மட்டும் சொல்லுதேன்.

அரசியல் சட்டம் 28ஆவது பிரிவு, 3ஆவது உட்பிரிவு. அரசு அங்கீகாரம் இருக்க கல்வி நிறுவனமோ, அரசு பணம் வாங்குற நிறுவனமோ, அங்க படிக்கிறவங்கள மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது, அவங்களா சம்மதிச்சாத்தான் உண்டு. மைனர்னா கார்டியன் சம்மதம் வேணும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு 30ஆவது பிரிவுல நிறுவனம் நடத்துற உரிமை இருக்கு, அது பெரிய உரிமை, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அத வச்சி 28(3) இல்லன்னு ஆயிராது.

இப்ப உனக்கு 18 ஆவலன்னு சொல்லுத, அங்கதான் கவனம் வேணும். அட்மிஷன் ஃபார்ம்ல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல ஒரு உறுதிமொழி இருக்கும், நிறுவனத்தோட எல்லா விதிகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் கட்டுப்படுதேன்னு. அப்பா அதுல கையெழுத்து போட்டுட்டா நாளைக்கு சம்மதம் குடுத்துட்டீங்கல்லான்னு காட்டுவாவ. அதனால கையெழுத்து போடுததுக்கு முன்னால அப்பா அத வாசிக்கணும், சேப்பல் வழிபாடு பத்தி வரி இருந்தா மத்த மதத்து பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடுன்னு எழுத்துல கேளுங்க. பங்குனி உத்திரம் லீவையும் அதே லெட்டர்லயே கேட்டுருங்க, வாய்ச்சொல்ல நம்பி நிக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரிஜினல் சர்டிபிகேட்ட அங்க விட்டுட்டு வராதீங்க. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018லயே அறிவிப்பு போட்டாச்சு, ஒரிஜினல பாத்து சரிபாத்துட்டு திருப்பி குடுத்துரணும், வாங்கி வச்சிக்கிடக் கூடாது. சேந்த பெறகு ஒத்து வரலன்னா ஃபீஸும் திரும்ப வாங்கலாம். அதே அறிவிப்புப்படி அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னால விலகுனா 100 சதவீதம், 15 நாளுக்கு உள்ளன்னா 90, கடைசி தேதி தாண்டி 15 நாளுக்குள்ள 80, அதுக்கப்புறம் 30 நாள் வரைக்கும் 50, அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. முழு ஃபீஸ் திரும்புற கட்டத்துல ப்ராசஸிங் சார்ஜுன்னு பிடிக்கலாம், ஆனா 5 சதவீதம், அதுவும் 5000 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. தேதிய காலண்டர்ல குறிச்சி வச்சிக்க.

ஆலங்குளம்_அப்பா:

எம் மக இப்ப இப்படி ஒரு யுனிவர்சிட்டிலதான் ரெண்டாவது வருஷம். உங்கப்பா மனசு எனக்கு புரியுதும்மா. பிள்ளைய கண்ணு காணாத எடத்துல விட்டுட்டு ராத்திரி தூக்கம் வராது, கேட்ட விட்டு வெளிய போனா எனக்கு மெசேஜ் வருதுன்னா அது பெரிய ஆறுதல். ராகிங் சுத்தமா கெடையாது, தமிழ்நாட்டுல 1997லயே ராகிங்குக்கு சட்டம் வந்தும் சில எடத்துல நடக்கத்தான் செய்யுது, இங்க அந்த பேச்சே இல்ல. என் மக சைவம், அவளுக்கு தனி வரிசைல சாப்பாடு போடுதாவ, குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா அப்பாமாருக்கும் ஒண்ணு சொல்லணும். பிள்ள ஃபோன்ல அழுதா "அவங்க சொல்லுதபடி கேட்டு நட"ன்னு வைக்காதீங்க, என்ன நடந்துச்சுன்னு முழுசா கேளுங்க. நம்ம கேக்காட்டி அந்த பிள்ளைக்கு அங்க வேற யாரு இருக்கா? உங்கப்பாவ இத வாசிக்க சொல்லும்மா.

ராணிஅண்ணா_2016:

எல்லாரும் எப்படி சமாளிக்கன்னு சொல்லுதீங்க, ஏன் போகணும்னு யாரும் கேக்கல. கடையத்துலருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸும் இருக்கு, ரயிலும் இருக்கு. ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இருக்கு, அரசு காலேஜ்ல டியூஷன் ஃபீஸே கெடையாது. நீ ஆறாவதுலருந்து அரசு பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும், அரசு உதவி பெறுற பள்ளில தமிழ் மீடியம்னாலும் இப்ப உண்டு. பாதி ஸ்காலர்ஷிப்புங்காங்க, மீதி பாதி ஃபீஸும் ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேத்து கணக்கு போட்டு பாரு. வீட்டுலருந்து போயிட்டு வந்தா அலுப்புதான், ஆனா உன் சாமி, உன் ஃபோன், உன் நேரம் உன் கையில இருக்கும். கவுன்சிலிங் இன்னும் முடியலன்னா அப்ளை பண்ணி வச்சிரு.

கடையம்_பிள்ள:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்பாட்ட ஃபோன குடுத்து எல்லாத்தயும் வாசிக்க சொன்னேன். நான் ஸ்கூல் எய்டட், தமிழ் மீடியம்தான், அந்த 1000 ரூபாய் விஷயம் எங்களுக்கு தெரியவே தெரியாது. ராணி அண்ணாவுக்கு ஏற்கனவே போட்டுருக்கேன், ரேங்க் லிஸ்ட் வரல. அப்பா ஃபார்ம்ல கையெழுத்து போடல, முதல்ல லெட்டர் எழுதி கேப்போம்னு சொல்லிட்டாங்க. வக்கீல் அண்ணாச்சி, ஃபோன் வாங்கி வைக்கதுக்கு சட்டம் எதாவது இருக்கா? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஃபோன் இல்லாம எப்படின்னு தெரியல.

கோர்ட்டு_ரோடு:

2019ல கேரளா ஹைகோர்ட்ல ஒரு வழக்கு வந்துச்சு, சாயங்காலம் ஆறு மணிலருந்து பத்து மணி வரைக்கும் ஃபோன் வச்சிக்கக் கூடாதுங்கற ரூல எதுத்ததுக்கு ஒரு பிள்ளைய ஹாஸ்டல்லருந்து அனுப்பிட்டாவ. இன்டர்நெட் பயன்படுத்துறது படிக்கிற உரிமையிலயும் அந்தரங்க உரிமையிலயும் சேரும்னு சொல்லி, திரும்ப ஹாஸ்டல்ல சேத்துக்கிடணும்னு தீர்ப்பு வந்துச்சு. அது கேரளா தீர்ப்பு, இங்க உள்ள கோர்ட்ட கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்துக் காட்டலாம். அதத் தூக்கிக்கிட்டு முத நாளே வார்டன்ட்ட போயி நிக்காத. லெட்டர்லயே லேப்டாப், வைஃபை எத்தன மணி வரைக்கும், ஃபோன் எந்த நேரம் கையில இருக்கும்னு கேட்டு வாங்கு. பதில் வந்த பெறகு இங்க போடு, பேர மறைச்சிட்டு போடு, வாசிச்சிட்டு சொல்லுதேன்.