கிளை ஆட்களே விவரத்தை மாத்தணும், டிசைன்ல கை வைக்கக் கூடாது – வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. சொட்டுநீர்ப் பாசனப் பொருள் விக்கிற கம்பெனியில இருக்கேன். தலைமை அலுவலகம் கிருஷ்ணகிரி. ஓசூர், பாலக்கோடு, தருமபுரி, அரூர்ல கிளைகள். எல்லாத்துக்கும் வேர்ட்பிரஸ்ல (வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்) ஒரே தளம், கிளைக்கு ஒரு பக்கம்.

போன வாரம் பாலக்கோடு தம்பி கடை நேரத்தை வேர்டுல அடிச்சு அப்படியே கொண்டுவந்து ஒட்டிட்டார். பக்கம் பூரா சிவப்பு எழுத்து. வாட்ஸ்அப் பட்டன் மேப்புக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, எல்லாருக்கும் அட்மின் லாகின் தூக்கிக் கொடுத்தது நான்தான்!

அதுக்குப் பதிலா எடிட்டர் ரோல் (லாகினுக்குக் கொடுக்கிற உரிமை அளவு) கொடுத்துப் பார்த்தேன். தீம் (தளத்தோட தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி) பக்கம் போக முடியாது, நிம்மதி. ஆனா அரூர்க்காரர் ஓசூர் பக்கத்தையும் திருத்தலாம். ஆத்தர் ரோல்னா தன் போஸ்ட் (பதிவு) மட்டும்தான், பக்கங்களைத் தொடவே முடியாது. கான்ட்ரிபியூட்டர் ரோல்னா, வெளியான போஸ்ட்டைத் திருத்த முடியாது, அதனால அது ஆகாது.

இப்போதைக்கு என் யோசனை: 'கிளை'ன்னு தனி போஸ்ட் டைப் (பதிவு வகை). முகவரி, நேரம், போன் எல்லாம் கஸ்டம் ஃபீல்டு, வெறும் கட்டம். எதை ஒட்டினாலும் எழுத்து மட்டும் ஏறும், கலர் ஏறாது. டெம்ப்ளேட் (பக்கத்தோட வடிவமைப்பு) என் கையில. கிளைக்கு ஒரு ஆத்தர் லாகின், அந்தக் கிளையோட போஸ்ட் அவங்க பேர்ல.

இப்படிச் செஞ்சவங்க இருக்கீங்களா? ஆள் மாறினா லாகினை எப்படிக் கைமாத்துறீங்க? விலைப்பட்டியல் அஞ்சு ஊருக்கும் ஒண்ணுதான், அதை எங்க வைக்கிறது? மல்டிசைட் (ஒரே வேர்ட்பிரஸ்ல பல தனித் தளங்கள்) போடுன்னு ஒருத்தர் சொல்றார். இந்த அஞ்சு அலுவலகத்துக்கு அது தேவையா?