எந்தத் தொகுதியில் நின்றார் ராஜாஜி?

குடியாத்தத்தான்:
"1952இல் மக்கள் தீர்ப்பை ஏற்று முதலமைச்சரானவர் ராஜாஜி" என்று சேலத்துக்காரன் நேற்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். அந்தத் தேர்தலில் வேட்புமனுவே கொடுக்காத ஒருவரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா, மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத அவையான சட்ட மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்ததற்குப் பெயர் மக்கள் தீர்ப்பென்றால், அவர் எந்தத் தொகுதியில் நின்றார் என்பதையும் சேலத்து நண்பர் சொல்லிவிடட்டும்.

சேலத்துக்காரன்:
கவர்னர் ஜெனரலாக இருந்தவர் எழுபது வயதுக்குமேல் வீதி வீதியாக வாக்குக் கேட்டிருக்க வேண்டுமா? அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும் என்பதுதான் அரசியல் சட்டம். இலக்கியத்திலும் சமூக சேவையிலும் தேர்ந்தவர்களை மேலவைக்கு நியமிக்கலாம் என்பதும் அதே சட்டம்தான். இந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றமே சரியென்று சொன்ன பிறகு குடியாத்தத்தாரின் ஒப்புதல் யாருக்கு வேண்டும்?

வைகைக்கரை:
நீதிமன்றம் "சரி" என்று எங்கே சொன்னது? அந்த நியமனத்தால் ராமமூர்த்தியின் சொந்த உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளியதும், நியமனத்துக்கு நற்சான்று வழங்குவதும் ஒன்றல்ல. சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றவர் ராமமூர்த்தி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தார் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறார்.

பழைய ஏடு:
இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து மக்களை வாட்டிய உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை, பதவியேற்ற சில மாதங்களிலேயே துணிந்து நீக்கியவர் ராஜாஜி. அதைப் பேச இங்கே ஓர் ஆளும் இல்லை.

குடியாத்தத்தான்:
அரிசியைக் காட்டித் தொகுதியை மறைக்க வேண்டாம். ஜூலை நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 பேர் ஆதரித்தார்களே என்று அடுத்துச் சொல்வீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: காங்கிரசுக்கு வெளியே இருந்த பொதுநலக் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கருக்கு அமைச்சர் பதவி தந்தது போன்ற ஏற்பாடுகளால்தான் 152, 200 ஆனது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். ராஜாஜி போட்டுவைத்த மேலவைப் பாதை அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ எங்கள் குடியாத்தத்துக்கு வந்து, இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளரை எதிர்த்து நின்று, வென்று சட்டமன்றத்துக்குள் போனார். பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தையும் அந்த ஆண்டே கைவிட்டார். ராஜாஜி எந்தத் தொகுதியில் நின்றார்?

சேலத்துக்காரன்:
அது குலக்கல்வி அல்ல, மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பட்டப்பெயர் சூட்டியவர்கள் எதிரிகள். 1967இல் அண்ணாவும் மேலவை உறுப்பினராக இருந்துதானே முதலமைச்சர் பதவி வகித்தார்? அவரிடம் கேட்கத் துணிவில்லாதவர்கள் எங்கள் ஊர் நகராட்சித் தலைவராயிருந்த பெரியவர் ராஜாஜியிடம் மட்டும் தொகுதிக் கணக்குக் கேட்கிறார்கள்.

குடியாத்தத்தான்:
அண்ணா அந்தத் தேர்தலில் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவர். மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டே போனார், ஆளுநர் கையெழுத்தால் போகவில்லை. உங்கள் பெரியவர் 1937இல்கூட சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியைத்தான் தேடிப்பிடித்தார். அங்கே பட்டதாரிகள்தான் வாக்காளர்கள்.

சேலத்துக்காரன்:
பட்டதாரிகளும் மக்கள்தாம், ஐயா. எந்தத் தொகுதி என்று இவ்வளவு நேரம் கேட்டீர்கள். இப்போது நீங்களே ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள்.

வைகைக்கரை:
கேட்டது 1952, சொல்வது 1937. இதைத்தான் பாதியை விழுங்குவது என்றேன்.