மனச்சோர்வில் இருந்து மீண்டவர்களின் புத்தகங்கள்: எதை முதலில் வாசிப்பது?

அலஸ்தோட்டம் வாசகி (கேள்வி)

வணக்கம். நான் திருகோணமலை, அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன வருடக் கடைசியில் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் குளிசை தொடங்கினார்கள். இப்போது நித்திரை வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, ஒரு பாடத்தை நின்று முடிக்கவும் முடிகிறது. வாசிப்பு மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அதில் என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். பெரியம்மா கண்ணூறு என்கிறார். அவர்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதற்குள் இருந்து வந்த ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் தாங்களே எழுதிய புத்தகங்களைத் தேடுகிறேன்.

கொழும்பில் இருக்கும் சிநேகிதி, அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் தன் மனச்சோர்வைப் பற்றி எழுதிய 'டார்க்னஸ் விசிபிள்' அனுப்பினாள். நூறு பக்கத்துக்கும் குறைவு, முடித்துவிடலாம் என்று இரவில் எடுத்தேன். பாதியில் நெஞ்சு இறுகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த மனிதர் எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் குழப்புகிறது. அவருக்குக் காலையில் ஓரளவு பரவாயில்லை, பின்னேரம் ஆக ஆகத்தான் இருள்கிறது. எனக்கு விடியற்காலைதான் பொல்லாத நேரம், மத்தியானத்துக்குப் பிறகு லேசாகிவிடும். அப்படியென்றால் என்னுடையது வேறு நோயா?

எதை முதலில் வாசிக்கலாம்? இந்த நிலையில் வாசிப்பது சரிதானா? தம்பிக்கும் என்னை விளங்கிக்கொள்ள ஆசை இருக்கிறது. அவனுக்குத் தமிழ்தான் ஓடும். அவனுக்கு ஏதாவது இருக்கிறதா?

திருக்கடலூர் பெரியவர்

பிள்ளை, அந்தப் புத்தகத்தை மூடி வைத்தது நல்லதுதான். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், பிறகு தேவைப்படும்.

நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவன். 2004இல் கடல் வந்து போன பிறகு எங்கள் தெருவில் எல்லாரும் பேய் போல வேலை செய்தோம், நானும் செய்தேன். எனக்கு நோய் வந்தது அப்போது இல்லை. பல வருடம் கழித்து, பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டில் அரிசி பருப்புக்குக் கவலையில்லாத நேரத்தில் வந்தது. அதனால் ஒருவருக்கும் விளங்கவில்லை. "உனக்கு இப்ப என்ன குறை?" என்பதுதான் எல்லார் வாயிலும். எனக்கே அந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லாததால், வெட்கப்பட்டுக்கொண்டு படுத்தே கிடந்தேன்.

ஸ்டைரனும் 1985இல் பரிசு வாங்கத்தான் பாரிஸுக்குப் போனார். அறுபது வயது, பெரிய பெயர், கூடவே மனைவி. அந்த நேரத்தில்தான் நோய் அவரைப் பிடித்து ஆட்டியது. இந்த நோய் வர ஒரு குறை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அந்தப் பக்கங்களை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை எந்த ஆறுதல் வார்த்தையும் செய்யாத வேலையை அது செய்தது. பக்கத்தில் இருந்த மனைவிக்கு அந்த இடத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் "என்ன குறை" என்று கேட்டதில்லை.

நீங்கள் நிறுத்தியது மிக இருண்ட இடத்தில். பின்பாதியை முதலில் வாசியுங்கள், பகலில் வாசியுங்கள். ஒரு டிசம்பர் இரவில், எல்லாம் முடிந்தது என்று இருந்தவர், படம் ஒன்றில் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் பாடல் ஒன்றைக் கேட்கிறார். அது அவருடைய தாய் பாடிய பாடல். அந்த வீட்டில் நடந்த சந்தோசங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வர, மனைவியை எழுப்புகிறார். அடுத்த நாள் ஆஸ்பத்திரி. ஏறக்குறைய ஏழு கிழமை அங்கே இருக்கிறார். பாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டு செய்தது அவரை மனைவியை எழுப்ப வைத்தது மட்டும். குணமானது ஆஸ்பத்திரியின் அமைதியிலும் காலம் போகப் போகவும்தான், அதை அவரே எழுதுகிறார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும், இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தை நோயின் கடைசி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டைரனின் புத்தகம் 1990இல் வந்துவிட்டது, ஆனால் 2000இல் நோய் அவருக்குத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகும் இருந்து, 2006இல் 81 வயதில் நிமோனியாவில்தான் இறந்தார். எனக்கும் ஒரு முறை திரும்பியது. வென்றுவிட்டேன் என்ற கதைகளை மட்டும் வாசித்தவன் என்றால் அன்று நான் உடைந்திருப்பேன். அடையாளம் தெரிந்தபடியால் நேரத்தோடு கிளினிக்குக்குப் போனேன், முதல் தடவை பட்ட பாட்டில் பாதிகூடப் படவில்லை.

இதே நோயோடு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் அன்ட்ரூ சொலமனின் 'த நூன்டே டீமன்' 2001இல் வந்தது, அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல், இப்போதைக்கு அதை முழுதாகத் தூக்க வேண்டாம். அதில் கம்போடியா பற்றி வரும் இடத்தை மட்டும் தேடி வாசியுங்கள். பாலி நூவோன் என்ற பெண், பொல் பொட் என்ற சர்வாதிகாரியின் காலத்தில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அகதி முகாமில், பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்காமல் வெறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் இவராகவே போகிறார். முதலில், மனதில் வேறு விஷயங்களை நிரப்பி மறக்கப் பழக்குகிறார். பிறகு ஏதாவது ஒரு வேலை பழக்குகிறார். கடைசியில் நகம் வெட்டி அழகுபடுத்தப் பழக்குகிறார், அதற்காக ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும், பிடித்தால் கதை வரும். இதை வாசித்தபோது கடல் வந்த வருடம் பள்ளிக்கூட முகாமில் எங்கள் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் இருந்து தலை இழுத்துவிட்டது கண்ணில் வந்தது. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தம்பிக்கு: தயா சோமசுந்தரமும் சிவயோகனும் எழுதிய 'தமிழ் சமுதாயத்தில் உளநலம்'. தன்வரலாறு இல்லை, யாழ்ப்பாணத்து உளநல மருத்துவர்கள் எழுதியது. நம் வீடுகளுக்குப் பொருந்தும் புத்தகம். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளினிக் தாதி

தங்கச்சி, நான் கிழக்கு மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தேன். வேறு நோயா என்று பயப்பட வேண்டாம். விடியற்காலையில் முழிப்பு வந்து அந்த நேரம் மோசமாக இருப்பதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். ஸ்டைரனுக்கு நடந்தது மறுவளம், அவ்வளவுதான். வாசித்ததை நினைவில் வைக்க முடியாததும் இந்த நோயின் ஒரு அறிகுறி. அது மெதுவாகத்தான் திரும்பும்.

புத்தகம் வாசிப்பதை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். நெஞ்சு இறுகினால் அன்று அதோடு விடுங்கள். இரவில் வேண்டவே வேண்டாம்.

சின்னச் சின்ன அத்தியாயம் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தாளர் மேட் ஹெய்க்கின் 'ரீசன்ஸ் டு ஸ்டே அலைவ்' லேசானது. 24 வயதில் இபிசா தீவில் அவருக்கு நோய் வந்ததில் தொடங்கும். ஒரு எச்சரிக்கை: அவர் மீண்டது பெரும்பாலும் மருந்தில்லாமல். மருந்து கூடாது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் வாசிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொண்டு குளிசையை நிறுத்திவிடுவதுண்டு. நீங்கள் அதைச் செய்யக் கூடாது. சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதானாலும் வைத்தியர் சொல்லிப் படிப்படியாகத்தான். இதற்கு மறுபக்கமாக கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1995இல் எழுதிய 'அன் அன்குவைட் மைன்ட்' இருக்கிறது. அவருக்கு இருந்தது இருதுருவ நோய், அதாவது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது; உங்களுடையது இல்லை. ஆனால் உளநலம் படிப்பிக்கிற பேராசிரியையே அந்த நோய்க்கான லித்தியம் மருந்தை நிறுத்திவிட்டு எவ்வளவு தூரம் விழுந்தார் என்பது அதில் இருக்கிறது. மருந்தில் சந்தேகம் வரும் நாளில் எடுத்துப் பாருங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பவர்களை இன்னும் காண்கிறேன். தற்கொலைக்கு முயல்வது 1998இலேயே இலங்கைச் சட்டத்தில் குற்றம் என்பதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

கிண்ணியா சகோதரன்

சகோதரி, உங்கள் தம்பிக்காக எழுதுகிறேன். என் வாப்பாவுக்கு இந்த நோய் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தவன்.

பெரியவர் சொன்ன சொலமனின் புத்தகத்தில் தொடக்கத்திலேயே ஒரு இடம் வருகிறது. கட்டிலை விட்டு எழும்பிக் குளிக்கப் பயந்து சொலமன் அழுதுகொண்டு கிடக்கிறார். அவருடைய தகப்பன் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், சாப்பாட்டை வெட்டிக் கொடுக்கிறார். வளர்ந்த மகனுக்கு. புத்திமதி இல்லை, "மனதைத் தைரியப்படுத்து" இல்லை. நான் அதுவரை வாப்பாவை வெளிக்கிடுத்திக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவதையே உதவி என்று செய்துகொண்டிருந்தேன். வாசித்த பிறகு வாளியில் தண்ணீர் நிரப்பி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்றேன். வாப்பா குளித்தார்.

தம்பிக்கு ஆங்கிலம் ஓடாவிட்டால் அந்த இரண்டு மூன்று பக்கத்தையும் தமிழில் எழுதித் தருகிறேன்.

அலஸ்தோட்டம் வாசகி

ஐயா, அக்கா, கிண்ணியாச் சகோதரர், மூவருக்கும் நன்றி. இன்று பாடசாலை இடைவேளையில் ஸ்டைரனின் பின்பாதியைத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் இடம்வரை வந்துவிட்டேன், நெஞ்சு இறுகவில்லை. கம்போடியா பகுதியை சிநேகிதி படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை கிளினிக், புத்தக விஷயத்தை டொக்டரிடம் சொல்கிறேன். சகோதரர், அந்தப் பக்கங்களை எழுதித் தாருங்கள். தம்பியோடு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.