லிட்டரைப் பார்த்து வாங்கிய கேபினட்: சின்ன கேமிங் கணினி அனுபவங்கள்

சின்னக் கேபினட்டில் கேமிங் கணினி அசெம்பிள் செய்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள். சொதப்பிய கதை என்றாலும் கூச்சப்படாதீர்கள், புதிதாக வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். முதல் சொதப்பல் என்னுடையது. கொஞ்சம் நீளம்.

எட்டு வருடம் மேஜைக்கு அடியில் ஒரு பெரிய டவர் வைத்திருந்தேன். உட்காரும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். இந்த முறை மேஜைமேல் வைக்கிற அளவில் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்து, ஒரே வாரத்தில் லிட்டர் பைத்தியம் பிடித்துவிட்டது. கேபினட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 301 × 151 × 151 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 7 லிட்டர்கூட முழுசாக இல்லை. அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும்போது நம்முடையது அடங்காதா என்று ஒரு வீம்பு. 7 லிட்டர் கேபினட் ஒன்றை வாங்கினேன். எது என்று சொல்லப்போவதில்லை, குற்றம் அதன்மேல் இல்லை.

அது சாண்ட்விச் வகை. மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு மறுபக்கம், இரண்டும் முதுகோடு முதுகாக நிற்கும். ரைசர் கேபிள் ஒன்று வளைந்து போய் இரண்டையும் இணைக்கும். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. மினி ஐடிஎக்ஸ் போர்டு (சின்னக் கேபினட்டுக்கான மதர்போர்டு அளவு) எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் 170 × 170 மி.மீ.தான். ஆகவே இடத்துக்காகச் சண்டை போடுவது கார்டு, பிராசஸர் கூலர், பவர் சப்ளை மூன்றும்தான். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

வாங்கும்போது நான் பார்த்தது கார்டின் நீளத்தை மட்டும். நீளம் சரியாகத்தான் இருந்தது. தடிமனுக்கு '2 ஸ்லாட்' என்று போட்டிருந்தார்கள். ஒரு ஸ்லாட் 20 மி.மீ. சொச்சம், ஆக மொத்தம் 40. என்னிடம் இருந்த கார்டு இரண்டரை ஸ்லாட். அதன் பின்பக்கத் தகட்டைப் பார்த்தால் 2 ஸ்லாட் போலவே இருக்கும், ஃபேன் இருக்கிற பக்கம்தான் துருத்திக்கொண்டு நிற்கும். கூலரிலும் இதே கூத்து. 65 மி.மீ. உயரக் கூலரை ஆசையாக வாங்கி வைத்திருந்தேன், கேபினட்டில் இடம் இருந்தது 48 மி.மீ. இரண்டு பக்கமும் மூடி போட முடியாமல் ஒரு மாதம் திறந்தே வைத்து விளையாடினேன். பார்த்துப் பார்த்துப் பெட்டி வாங்கிவிட்டு, பெட்டி இல்லாமலே.

கடைசியில் அந்தக் கார்டை விற்றுவிட்டு ஆர்டிஎக்ஸ் 4070 ஃபவுண்டர்ஸ் எடிஷன் (என்விடியாவே வெளியிட்ட கார்டு) வாங்கினேன். நீளம் 244 மி.மீ., அச்சாக 2 ஸ்லாட், 200 வாட். அந்த 65 மி.மீ. கூலருக்குப் பதிலாக 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90. மூடி 'டக்' என்று உட்கார்ந்தபோது வந்த சந்தோஷம் கணினியை ஆன் செய்யும் வரைதான். ஓட்டை போட்ட தகட்டுக்கு மிக நெருக்கத்தில் ஃபேன் சுற்றினால் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வேகத்தைக் குறைத்தால் சூடு, கூட்டினால் ஊளை. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே நுரைப் பட்டையை வளையமாக வெட்டி ஒட்டினேன். உள்ளே சுற்றுகிற சூடான காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சாமல், வெளிக்காற்றை மட்டும் இழுக்கும். பிராசஸர் 7800எக்ஸ்3டி, அதன் வெப்ப வரம்பு 89 டிகிரி. விளையாடும்போது 80-க்குக் கீழே நிற்கிறது. முழு பாரம் கொடுத்தால் வரம்பைப் போய்த் தொடும். சத்தமும் பாதி குறைந்தது.

பாதிதான் குறைந்தது. இன்னொரு கேபினட் பார்க்கலாமா என்று மனம் அலைகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

* * *

அண்ணே, நீங்களாவது மூடி போட முடியாமல் தவித்தீர்கள். எனக்கு மூடி, ஸ்க்ரூ எல்லாம் சரியாக உட்கார்ந்தது. திரையில்தான் ஒன்றுமே வரவில்லை.

நான்கு மணி நேரம் தேடினேன். ராம் மாற்றினேன், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். காரணம் ரைசர் கேபிள். பழைய கேபினட் என்பதால் அதோடு வந்தது பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் முறை) மூன்றாம் தலைமுறை கேபிள். கார்டும் போர்டும் நான்காம் தலைமுறை. இரண்டும் தங்களுக்குள் நான்காம் தலைமுறை வேகத்தில் பேச முயலும், நடுவில் இருக்கிற கேபிளால் அதைத் தாங்க முடியாது. பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்ததால் தப்பித்தேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகி, பயாஸுக்குள் போய், அந்த ஸ்லாட்டை 'ஜென் 3' என்று மாற்றியதும் படம் வந்தது.

16 லேன் (தகவல் போகும் தடம்) உள்ள கார்டுக்கு மூன்றாம் தலைமுறையில் ஓடினால் பெரிய நஷ்டமில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 8 லேன் மட்டுமே உள்ள கார்டு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய சாண்ட்விச் கேபினட் கைமாறி வாங்குகிறவர்கள் முதலில் ரைசர் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஜென் 3-இல் வைக்க மனமில்லை என்றால் புது ரைசர் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

* * *

நான் ரைசரே வேண்டாம் என்ற கட்சி. கூலர் மாஸ்டர் என்ஆர்200, 2020-இல் வந்த கேபினட், இன்றைக்கும் அதுதான் மேஜைமேல் இருக்கிறது. கார்டு நேராக மதர்போர்டில் உட்காரும். மூன்று ஸ்லாட் கார்டு போகும், 155 மி.மீ. வரை டவர் கூலர் போகும், 120 மி.மீ. ஃபேன்கள் போகும். ஊளை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

18 லிட்டரெல்லாம் சின்னதா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லிட்டர் கணக்கிலேயே ஒரு தில்லுமுல்லு இருக்கிறது தெரியுமா? என்ஆர்200-இன் உடம்பு மட்டும் 360 × 185 × 274 மி.மீ., அதாவது 18.25 லிட்டர். கால், பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்த்தால் 376 × 185 × 292, பெருக்கினால் 20 லிட்டரைத் தாண்டுகிறது. ஒரே பெட்டி, இரண்டு கணக்கு. இரண்டு கேபினட்டை ஒப்பிடும்போது ஒன்றுக்குக் கால் இல்லாத அளவும் மற்றொன்றுக்குக் காலோடு சேர்ந்த அளவும் போட்டிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. மேஜைமேல் நிற்கப்போவது காலோடுதானே.

* * *

என்ஆர்200-காரர் சொன்னது நியாயம்தான், ஆனால் எனக்கு மெலிசாகத்தான் வேண்டும். லியான் லி ஏ4-எச்2ஓ வைத்திருக்கிறேன். 11 லிட்டர், மேலே நீர் கூலரின் 240 மி.மீ. ரேடியேட்டர். பிராசஸர் சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

கேபிள்தான் உயிரை எடுத்தது. பெரிய டவரில் மிச்சக் கேபிளைப் பின்பக்கம் தள்ளி மூடிவிடலாம். இங்கே பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ரேடியேட்டர் ஃபேன், அதன் ட்யூப், 24 பின் கேபிள் எல்லாம் ஒரே சந்துக்குள் முண்டியடிக்கின்றன. ஒரு கேபிள் ஃபேனில் உரசி 'டிர்ர்' என்று கத்த, மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தேன். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை உள்ளே போகாது, 125 × 63.5 × 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ் வேண்டும். எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று 130 மி.மீ. நீளத்திலும் ஒன்று உண்டு. கேபினட் ஏற்றாலும் நான் அதை வாங்க மாட்டேன். அந்த 30 மி.மீ. கேபிள் மடக்குவதற்கு வேண்டிய இடம்.

இப்போது நான் வெட்கப்படுகிற பகுதி. நீளமான கேபிளை மாற்ற நினைத்து, பழைய பவர் சப்ளையோடு வந்த சின்ன சாட்டா கேபிளை (எஸ்எஸ்டிக்கு மின்சாரம் தருவது) எடுத்துப் புதியதில் சொருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்த நொடியில் எஸ்எஸ்டி செத்தது. மாடுலர் கேபிளில் (பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடியது) டிரைவ் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். குட்டைக் கேபிள் செய்யச் சொல்வதாக இருந்தால் பவர் சப்ளையின் மாடலைச் சொல்லி அதற்கென்றே செய்யச் சொல்லுங்கள்.

படுக்க வைத்தும் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் கூலருக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தைத் தேடிப் போகும். பம்ப் உயரமான இடமாக இருந்துவிட்டால் 'குளுகுளு' சத்தம் வரும், பம்ப்புக்கும் நல்லதில்லை.

* * *

ப்ரோ, நான் இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை. இதையெல்லாம் படித்தபிறகு பேசாமல் லேப்டாப் வாங்கிவிடலாமா என்று தோன்றுகிறது :)

* * *

லேப்டாப் வாங்காதீர்கள் தம்பி, கார்டை முதலில் முடிவு செய்யுங்கள். கேபினட் அதற்குப் பிறகு.

கார்டின் விவரப் பக்கத்தில் மூன்று அளவு இருக்கும். நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், தடிமனை மேலே அண்ணன் மாதிரி அடிபட்டவர்கள் பார்ப்பார்கள், அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 4090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 304 × 137 × 61 மி.மீ. அந்த 137 மி.மீ. அகலத்துக்கு மேலேதான் பவர் கேபிள் நிற்கும். புதிய கார்டுகளின் பவர் பிளக் அருகே 35 மி.மீ. வரை கேபிளை மடக்காமல் நேராக விடச் சொல்கிறார்கள். அதையும் சேர்த்துக் கூட்டினால் 170-ஐத் தாண்டுகிறது. கார்டு உள்ளே போகும், மூடி கேபிளை அமுக்கும். அப்படி அமுங்கிய பிளக் சரியாகப் பொருந்தாமல் நின்றால் சூடாகி உருகலாம்.

நான் செய்தது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். அட்டைப் பெட்டியை வெட்டி, வாங்க நினைத்த கார்டின் அளவில் ஒன்று, கூலரின் அளவில் ஒன்று, பவர் சப்ளை அளவில் ஒன்று செய்தேன். நண்பர் ஒருவரிடம் அதே கேபினட் இருந்தது, அவர் வீட்டுக்குப் போய் அதற்குள் வைத்துப் பார்த்தேன். அவருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் கூலரின் ஓரம் ராமில் இடிக்கும் என்பது அந்த அட்டையால்தான் தெரிந்தது. விளக்கு போட்ட உயரமான ராமை விட்டுவிட்டுக் குட்டையானதை வாங்கினேன்.

அப்புறம், கார்டு கையில் வந்ததும் பவர் வரம்பைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். என்னுடையதில் அதை 80 சதவீதத்துக்கு இறக்கியபோது ஃப்ரேம் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. சின்னப் பெட்டிக்குள் 40, 50 வாட் குறைவது, இன்னொரு ஃபேன் வைத்த மாதிரி.

* * *

முதல் பதிவை எழுதியவன்தான். நான்கு மாதம் கழித்து வருகிறேன். மனம் அலைகிறது என்று சொன்னேன் அல்லவா, அலைந்து முடித்துவிட்டது.

ஃப்ராக்டல் டெர்ரா வாங்கினேன், 10.4 லிட்டர். இதுவும் சாண்ட்விச்தான், ஆனால் நடுத் தகட்டை இரண்டு பக்கமும் நகர்த்தலாம். கார்டுக்கு 72 மி.மீ. தடிமன் கொடுத்தால் கூலருக்கு 48 கிடைக்கும். கார்டை 43-இல் நிறுத்தினால் கூலருக்கு 77. கணக்கைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. என் கார்டு 2 ஸ்லாட், மிச்சம் எல்லாம் கூலருக்கு. அட்டை வெட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்டு, இந்த முறை ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே வெட்டிப் பார்த்தேன். வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன், மதர்போர்டின் பின்பக்கம் இருக்கிற எம்.2 எஸ்எஸ்டியை முதலிலேயே மாட்டாமல் விட்டு, மொத்தத்தையும் ஒருமுறை பிரிக்க வேண்டி வந்தது.

முதல் மாதத்தில் எந்தப் பெட்டிக்கும் பொருந்தாமல் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த அந்த 65 மி.மீ. கூலரை எடுத்துத் துடைத்து மாட்டினேன். மூடி போட்டபிறகும் 12 மி.மீ. மிச்சம். ஊளை இல்லை. 47 மி.மீ. கூலர் இப்போது அதே அலமாரியில், அதே இடத்தில்.