கோத்தகிரிப் பக்கம் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) தெரபிஸ்ட் வேண்டும், உண்மையிலேயே படித்தவரா என்று எப்படிப் பார்ப்பது?

ஹட்டிப்பையன்:
அப்பாவுக்கு 63 வயது, மூன்று மாதம் முன்னால் பக்கவாதம் வந்தது. கோவையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு இப்போது கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில்தான் (படகர் ஊர்) இருக்கிறார். நடை வந்துவிட்டது, தடி ஊன்றி வாசல்வரை போகிறார், வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோறு பிசைந்தால் பாதி தட்டுக்கு வெளியே, அந்தக் கோபத்தில் சாப்பாட்டையே தள்ளிவிடுகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோ, ஓ.டி. இரண்டும் எழுதியிருக்கிறார்கள். பிசியோவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஓ.டி. என்று விசாரித்ததில் ஒருவர் வீட்டுக்கே வருகிறேன், ஒரு தடவைக்கு 800 ரூபாய் என்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘ஆர்.சி.ஐ. நம்பரே இருக்கு சார்’ என்று சர்டிபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்பினார். அது போதுமா? டாக்டர்களுக்கு மெடிக்கல் கவுன்சில் மாதிரி இவர்களுக்கு லைசென்ஸ் உண்டா, எங்கே பார்ப்பது? வாரம் இரண்டு தடவை கோவைக்குக் கூட்டிப்போவது நடக்காத காரியம், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வளைவுகளிலேயே ஆள் துவண்டுபோகிறார்.

குன்னூர் அம்மா:
தம்பி, முதலில் 800 கொடுக்காதீர்கள். என் பையனுக்கு (இப்போது 7 வயது) ஒரு வருடம் ஒரு சென்டரில் கட்டினேன், போர்டில் ஆக்குபேஷனல் தெரபி என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஊஞ்சல், பெரிய பந்து, அவ்வளவுதான், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெண் ஆறு மாத டிப்ளமோ முடித்தவராம். அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) என்று ஒரு பிரிவு இருக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள், இலவசம்.

கோவை ஓ.டி.:
அக்கா சொன்ன டி.இ.ஐ.சி. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்கும்தான், அப்பாவுக்கு ஆகாது. நான் இதே வேலையில் 11 வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டத்தின்படி நடப்பது. சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள், செயற்கைக்கால் செய்பவர்கள் எல்லாம் அதில் பதிவு செய்வார்கள். எங்களை அது பதிவு செய்வதில்லை. ஆகவே ஒருவர் ஆர்.சி.ஐ. நம்பரைக் காட்டி நான் ஓ.டி. என்றால், நம்பர் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது வேறு தொழிலின் நம்பர். அவர்கள் இணையதளத்தில் தேடினால் எந்தப் பிரிவில் பதிவு என்று தெரிந்துவிடும்.

எங்களுக்கு என்ன என்று கேட்டால், பதில் கொஞ்சம் குழப்பம்தான். டெல்லி, மகாராஷ்டிரா மாதிரி சில மாநிலங்களில் முன்பே தனி கவுன்சில் உண்டு, அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றால் அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம். நாடு முழுக்கப் பொதுவாக 2021-ல்தான் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையச் சட்டம் வந்தது, மாநில கவுன்சில் வழியாகப் பதிவு என்று அது சொல்கிறது. அகில இந்திய ஓ.டி. சங்கம் 1952-லிருந்து இருக்கிறது, பலரிடம் அதன் உறுப்பினர் எண் இருக்கும். அது சங்கம், லைசென்ஸ் இல்லை, ஆனாலும் ஒரு அடையாளம்.

இதையெல்லாம்விட முக்கியம் டிகிரி. பி.ஓ.டி. (ஓ.டி. இளநிலைப் பட்டம்) இருக்கிறதா, எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம்? தமிழ்நாட்டில் படித்திருந்தால் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். நான் படித்தபோது நாலு வருடம், அதன்மேல் ஆறு மாத இன்டர்ன்ஷிப். ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம், படித்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பி.பி.டி. என்றிருந்தால் அவர் பிசியோ. குறுகிய கால கோர்ஸ் சர்டிபிகேட் டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது, டிகிரிக்குப் பதிலாக இருந்தால் வேண்டாம்.

முதல் நாளே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அப்பா காலையிலிருந்து என்னென்ன செய்வார், பாத்ரூம் படி எவ்வளவு உயரம், எந்தக் கையால் தோட்டத்தில் வேலை செய்தார் என்று கேட்பவர் ஓ.டி. வந்ததும் கரண்ட் மெஷினைக் கையில் ஒட்டி இருபது நிமிடம் போனைப் பார்ப்பவரிடம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், சாப்பிடும்போது இருமுகிறாரா? இருமினால் விழுங்குவதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும், அவருக்குத்தான் ஆர்.சி.ஐ. நம்பர் வேண்டும் :) அதுவரை ஸ்பூன் பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுங்கள். தூக்கிவிடும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம், தோள் இறங்கிவிடும்.

கூடலூர்க்காரன்:
அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை ஓ.டி.க்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹட்டிப்பையன்:
எல்லோருக்கும் நன்றி. அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்டேன். சிறப்பாசிரியர் டிப்ளமோவாம், ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்றார். மறுத்துவிட்டேன்.

கோவையிலிருந்து சனிக்கிழமை குன்னூர் வரும் ஒரு மேடம் கிடைத்தார், பி.ஓ.டி., ஒரிஜினலைக் கேட்டதும் பையிலிருந்து எடுத்து நீட்டினார், எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. குன்னூர் என்றால் அப்பா தாங்குகிறார். மாதம் ஒரு முறை நேரில், நடுவில் வீடியோ காலில் பார்க்கிறார், எங்கள் ஹட்டியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மாடிப்படியில் நாங்கள் உட்கார்ந்துகொள்கிறோம்.

@கோவை ஓ.டி. அண்ணா, இருமல் இல்லை. துணி சுற்றிய ஸ்பூனை அப்பா தொடவே மாட்டேன் என்கிறார், குழந்தையா நான் என்று சண்டை. ஆனால் அம்மா நேற்று ராகி ஹிட்டு (களி) செய்தார், அதை வலது கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டார், ஒன்றும் சிந்தவில்லை. மேடத்திடம் சொன்னால் சிரித்துவிட்டு, தினமும் ஒரு வேளை அதையே கொடுங்கள் என்றார். சர்க்கரை இருப்பதால் அளவு மட்டும் டாக்டரைக் கேட்கச் சொன்னார்.